டிரிம்மருக்கு ப்ளஞ்ச் பேஸா, தனி ரவுட்டரா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளின் கார் போர்ச்சில் மர வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர். முழுநேரத் தச்சர்களைச் சொல்லவில்லை. வாரநாளில் வேறு வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறில் சாமி மேடை, ஸ்டூல், சுவர்த் தட்டு, தைப்பூசம் நெருங்கினால் காவடிப் பலகை என்று செய்துகொடுக்கிறவர்கள். இவர்கள் முதலில் வாங்கும் ரவுட்டர், அதாவது சுழலும் வெட்டலகால் (பிட்) மரத்தைச் சீவிக் குடையும் மின்கருவி, பெரும்பாலும் டிரிம்மர் என்ற சின்ன வகை. அது சரியான தேர்வுதான். ஒரு கையில் அடங்கும், விளிம்பை அழகாக உருட்டித் தரும், லேமினேட்டைச் சீவும். கொஞ்ச நாள் போனதும் கேள்வி வரும்: "அண்ணே, பலகை நடுவுல துளை எடுக்கணும். இதுக்கே ஒரு ப்ளஞ்ச் பேஸ் வாங்கிப் போட்டா போதுமா, இல்ல தனியா ரவுட்டர் வாங்கணுமா?" பேஸ் என்பது மோட்டாரைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் உட்காரும் அடிச்சட்டம். ப்ளஞ்ச் பேஸ் என்றால் மோட்டாரை மேலும் கீழும் இறங்கவிடும் வகை.

கடையில் கேட்டால் வாட் கணக்குச் சொல்வார்கள். 710 வாட், 900 வாட், 2100 வாட் என்று எண் ஏற ஏற விலையும் ஏறும். நான் திருப்பிக் கேட்பது வேறு ஒன்று: எடுக்கப்போகும் துளை எவ்வளவு ஆழம், எந்த மரத்தில்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எதை வாங்குவது என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும். 25 மி.மீ. ஆழத்துக்குள் அடங்கும் வேலை என்றால் ப்ளஞ்ச் பேஸ் போதும், மனநிறைவோடு வாங்கலாம். அதைத் தாண்டி அடிக்கடி இறங்க வேண்டியிருந்தால் டிரிம்மருக்கு எதை மாட்டினாலும் தீராது. இப்படி நான் அடித்துச் சொல்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதலில் அந்த பேஸ் என்ன செய்கிறது என்று பார்ப்போம். டிரிம்மரோடு வரும் சாதாரண பேஸில் பிட்டின் ஆழத்தை முன்கூட்டியே வைத்து இறுக்கிவிடுகிறோம். மெஷின் ஓட ஆரம்பிக்கும்போதே பிட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பலகையின் ஓரத்திலிருந்து உள்ளே நுழைகிற வேலைக்கு அது போதும். நடுவில் ஆரம்பித்து நடுவிலேயே முடிகிற வேலைக்கு ஒத்துவராது. ப்ளஞ்ச் பேஸில் மோட்டார் இரண்டு உலோகத் தண்டுகளின் மேல் ஸ்பிரிங்கோடு நிற்கும். பேஸைப் பலகையில் தட்டையாக வைத்து, மோட்டாரை ஓடவிட்டு, இரண்டு கையாலும் கீழே அழுத்தினால் பிட் நேராக இறங்கும். லீவரைப் பூட்டி வேலை செய்துவிட்டு, திறந்தால் பிட் தானே மேலே ஏறிக்கொள்ளும். ஆழம் தாண்டாமல் இருக்க ஒரு தடுப்புக் கம்பி உண்டு. மகிட்டாவின் பேஸில் அந்தக் கம்பிக்குக் கீழே சுழலும் வட்டில் மூன்று உயரம் வைத்துக்கொள்ளலாம். 9 மி.மீ. ஆழத் துளையை மூன்று தடவையில் எடுக்கிறோம் என்றால், ஒவ்வொரு தடவையும் அளந்துகொண்டிருக்காமல் வட்டைத் திருப்பினாலே போதும்.

பேஸே வாங்காமல் சமாளிக்க முடியாதா என்றால், ஓரளவு முடியும். நாலு துளை மட்டும் வேண்டுமென்றால் டிரில்லில் வரிசையாகத் துளைத்து உளியால் சீர் செய்வதே சீக்கிரம் முடியும். ஜிக் (மெஷினை வழிநடத்தும் சட்டம்) கட்டி, அளந்து, ஒரு துண்டுப் பலகையில் சோதித்துப் பார்ப்பதற்குள் உளி வேலை முடிந்திருக்கும். பாதியில் நிற்கும் காடிக்கும் (நீளப் பள்ளம்) ஒரு வழி உண்டு. ஆரம்பிக்கும் இடத்தில் பிட்டைவிடக் கொஞ்சம் பெரிய துளையை டிரில்லால் போட்டு, டிரிம்மரின் பிட்டை அதற்குள் எதிலும் படாமல் நிறுத்தி, அப்புறம் சுவிட்சைப் போட்டு நகர்த்தலாம். ஆனால் பேஸின் ஒரு ஓரத்தைப் பலகையில் ஊன்றி, ஓடுகிற பிட்டைச் சாய்த்து இறக்கும் பழக்கம் இருக்கிறதே, அதை 2, 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் செய்யாதீர்கள். பிட்டின் ஒரு பக்கம் மட்டும் மரத்தைக் கவ்வும்போது மெஷின் கையிலிருந்து துள்ளும். ரப்பர் மரத்தில் தப்பித்துவிடலாம். பலாவிலோ செங்காலிலோ அந்தத் துள்ளல் மணிக்கட்டை முறுக்கிவிடும்.

இனி நம் மரங்கள். தோட்டத்து ரப்பர் மரத்தை 25, 30 வருடம் பால் எடுத்த பிறகு வெட்டி மறுநடவு செய்வார்கள். ஒரு காலத்தில் விறகாகப் போன அந்த மரம்தான் இன்று மலேசியத் தளவாடத் தொழிலின் முதுகெலும்பு. வெட்டிய சில நாளிலேயே மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தாவிட்டால் நீலம் பாய்ந்து பூச்சி அரித்துவிடும். அதனால் மில்லில் ஒழுங்காகப் பதப்படுத்தி ஒட்டிய பலகையைத்தான் வாங்க வேண்டும். 18 மி.மீ. ரப்பர் மரப் பலகையில் டிரிம்மர் சுகமாக ஓடும். மெராந்தி இன்னும் இலகு. செங்கால் வேறு கதை. நன்றாக உலர்ந்த பிறகும் கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் நிற்கும் மரம் அது. அதில் ஒரு தடவைக்கு 2 மி.மீ.க்கு மேல் சின்ன பிட்டை இறக்கினால் புகைதான் வரும். ஆழமான துளையை இப்படி 2, 2 மில்லியாக எடுத்துக்கொண்டிருந்தால் பிட்டும் போகும், பொழுதும் போகும்.

ஆழத்துக்கு எல்லை போடுவது மோட்டார் அல்ல, பிட்டின் தண்டு. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஒரு கம்பியின் வளையாத்தன்மை அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 6.35 மி.மீ. தண்டைவிட 12.7 மி.மீ. தண்டு இரண்டு மடங்கு தடிமன்தான். ஆனால் வளைவதை எதிர்க்கும் பலம் 16 மடங்கு. நடுவில் இருக்கும் 8 மி.மீ. தண்டுக்கு, 6.35ஐ விட ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அதனால்தான் சின்ன தண்டு பிட்டுகளின் வெட்டும் பகுதி பெரும்பாலும் 25 மி.மீ. நீளத்தோடு நின்றுவிடுகிறது. அதைவிட நீளமான பிட் கிடைக்கும். மாட்டினால் நுனி ஆடும், துளைச் சுவர் அலை அலையாக வரும், ஒரு நாள் ஒடியும். இன்னொன்றும் உண்டு. 6 மி.மீ. வெட்டும் பிட் 6.35 தண்டில் வந்தால், வெட்டும் பகுதி முடிந்த இடத்துக்கு மேல் தண்டே துளையைவிடத் தடிமனாக இருக்கும். அதற்கு மேல் இறங்கவே இறங்காது. அழுத்தினால் மரம் கருகும்.

ஆகவே, பேஸ் எத்தனை மில்லி இறங்குகிறது என்று விளம்பரத்தில் பார்த்து மகிழ்வதற்கு முன், கையில் இருக்கும் பிட்டின் வெட்டும் நீளத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். மகிட்டா ஆர்டி0700சி என்ற 710 வாட் டிரிம்மருக்கு வரும் ப்ளஞ்ச் பேஸ் 35 மி.மீ. இறங்கும். உங்கள் துளையின் ஆழம் அந்த 35 அல்ல, பிட்டின் 25.

இங்கேதான் சின்ன தனி ப்ளஞ்ச் ரவுட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே மகிட்டாவின் ஆர்பி0900 ஒரு உதாரணம். 900 வாட், 2.7 கிலோ, 8 மி.மீ. தண்டு வரை பிடிக்கும். ப்ளஞ்ச் பேஸோடு பிறந்த மெஷின், அதனால் கைப்பிடி நன்றாக அமைந்திருக்கும். பேஸும் அகலம். பலகையில் ஊன்றி உட்காரும். ஆனால் அதன் இறக்கமும் அதே 35 மி.மீ.தான். ஆழத்துக்காக இதை வாங்குகிறவருக்கு ஒரு மில்லிகூட லாபம் இல்லை. வேகமும் 27,000 சுற்றில் நிலையாக ஓடும், குறைக்க முடியாது. டிரிம்மரிலோ 10,000 முதல் 30,000 வரை ஒரு சக்கரத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். சின்ன பிட்டுக்கு வேகம் நல்லது. பிட் பெரிதாகப் பெரிதாக வேகத்தைக் குறைக்க வேண்டும். 6 மி.மீ. பிட் 30,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 9 மீட்டர் சொச்சம் நகரும். 25 மி.மீ. பிட்டை அதே வேகத்தில் விட்டால் 39 மீட்டர். மரம் கருகுவதும் மெஷின் அதிர்வதும் அதனால்தான்.

ஏற்கெனவே ஒரு நல்ல டிரிம்மர் வைத்திருப்பவருக்கு இந்த நடுத்தர மெஷினை நான் பரிந்துரைப்பதில்லை. கூடுதல் பணத்துக்கு 8 மி.மீ. தண்டும் அகலமான பேஸும் கிடைக்கும், உண்மைதான். அந்த 8 மி.மீ. தண்டைப் பிடிக்கும் கவ்வி, அதாவது காலெட், ஆர்டி0700சிக்கும் உண்டு. டிரிம்மரே இல்லாதவர், விளிம்பு சீவும் வேலை அவ்வளவாக இல்லாதவர், தொடர்ந்து காடியும் துளையுமே எடுப்பவர் என்றால் மட்டும் ஆர்பி0900 போன்றதை யோசிக்கலாம்.

இரண்டு பேஸும் சேர்ந்து வரும் டிவால்ட் டி26204கே தொகுப்பு வேறு வகை. மோட்டார் 900 வாட், தண்டு 8 மி.மீ., வேகம் 16,000 முதல் 27,000. அதன் ப்ளஞ்ச் பேஸ் 55 மி.மீ. இறங்கும். இன்னும் எதுவுமே வாங்காதவர், ஒரே தடவையில் பணம் போடத் தயாராக இருப்பவர் என்றால் இந்த வழி நல்லது. இரண்டு பேஸும் அதே மோட்டாருக்காகவே செய்யப்பட்டவை என்பதால் பொருந்துமா என்ற கவலை இல்லை. மோட்டாரைக் கழற்றி மாட்டுவதும் சுலபம். ஒரு கையால் விளிம்பு சீவும்போது மட்டும் கனம் தெரியும்.

சரி, பெரிய மெஷின். மகிட்டா ஆர்பி2301எஃப்சி 2100 வாட், 6 கிலோ, 70 மி.மீ. இறங்கும். 12 மி.மீ. அல்லது அரை அங்குலத் தண்டு. கதவும் நிலையும் செய்கிறவருக்கு இதற்கு மாற்றே இல்லை. 40 மி.மீ. தடிமன் கதவுச் சட்டத்தில் 12 மி.மீ. அகலம், 60 மி.மீ. ஆழம் துளை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரிம்மரில் அதை ஆரம்பிக்கவே கூடாது. கதவுப் பூட்டின் உடல் உட்காரும் துளையும் அப்படித்தான். எப்போதாவது ஒரு பூட்டு மட்டும் பொருத்த வேண்டுமென்றால் ரவுட்டரையே மறந்துவிடுங்கள். 16 மி.மீ. மரத் துளைப்பான் பிட்டில் வரிசையாகத் துளைத்து உளியால் முடிப்பது பாதுகாப்பு, செலவும் இல்லை.

ஆனால் அந்த 6 கிலோவைச் சாமி மேடையின் 30 செ.மீ. அகலப் பலகைமேல் வைத்து ஓட்டிப் பாருங்கள். பிட் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கை எடுத்தால் சாயும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் சத்தமும் ஒரு கணக்கு. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மத்தியான நேரத்தில் அந்த மெஷினை எடுக்க மனசு வராது. டிரிம்மரும் கத்தத்தான் செய்யும், காதுக்குப் பாதுகாப்புப் போட்டே ஆக வேண்டும். ஆனால் ஒரு சின்னத் துளை அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

நம் ஊரில் உண்மையில் செய்யும் வேலைகளை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்.

சாமி மேடையை எடுத்துக்கொள்வோம். பின்பலகையில் ஓம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு அல்லது மயில். இதை வி வடிவ பிட்டால் கீறும்போது ஒவ்வொரு கோடும் பலகை நடுவில் ஆரம்பித்து நடுவில் முடிகிறது. 90 பாகை வி பிட் என்றால் ஆழத்தைப் போல் இரண்டு மடங்கு அகலம் கிடைக்கும். 6 மி.மீ. அகலக் கோட்டுக்கு 3 மி.மீ. ஆழம். தமிழ் எழுத்தில் நேர்கோட்டைவிட வளைவு அதிகம். ஓகாரத்தின் சுழியை ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும், நடுவில் நின்றால் அந்த இடம் கருகிப் பள்ளமாகும். ப்ளஞ்ச் பேஸின் இரண்டு கைப்பிடிகளும் பலகைக்கு அருகில், தாழ்வாக இருப்பதால் முன்கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டு வளைக்க முடிகிறது. எழுத்து வேலைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இந்த விலையில் கிடையாது என்றே சொல்வேன். பெயர்ப் பலகை செய்கிறவர் இந்த ஒரு காரணத்துக்காகவே பேஸை வாங்கலாம்.

ஸ்டூலும் சின்ன மேசையும் அடுத்தது. துளைக்குள் செருகும் நாக்கான கழுந்தின் தடிமன் பலகைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. 18 மி.மீ. ரப்பர் மரத்துக்கு 6 மி.மீ. கழுந்து, 40 மி.மீ. காலில் 20, 22 மி.மீ. ஆழத் துளை. 6 மி.மீ. பிட்டுக்கென்றே அளந்து வைத்த மாதிரி வேலை. பிட் உருளை என்பதால் துளையின் இரண்டு முனையும் வட்டமாக வரும். கழுந்தின் மூலைகளை அரத்தால் உருட்டிக்கொள்ளுங்கள், உளியால் துளையைச் சதுரமாக்குவதைவிட அது எளிது.

கால் சட்டத்தின் குறுகிய முகத்தில் பேஸ் ஆடும் என்பதுதான் இங்கே உள்ள சிக்கல். டிரிம்மரின் ப்ளஞ்ச் பேஸ் சின்னது, மேலே மோட்டார் உயரமாக நிற்கும். 40 மி.மீ. அகலத்தில் அதைக் கையால் மட்டும் நிமிர்த்தி வைக்க முடியாது. காலின் இரண்டு பக்கமும் அதே உயரத்தில் ஒவ்வொரு பலகையைக் கிளாம்ப் செய்தால் பேஸ் உட்கார இடம் கிடைக்கும். அல்லது ஒரே தடவை நேரம் ஒதுக்கி, பிளைவுட்டில் மேல்மூடியில்லாத பெட்டி மாதிரி ஒரு ஜிக் செய்து, பேஸின் இரண்டு பக்கமும் தடுப்பு வைத்துவிடுங்கள். பத்து ஸ்டூல் செய்கிறவருக்கு அந்தப் பெட்டி, வாங்கும் எந்த உதிரிப்பாகத்தையும் விட மதிப்புள்ளது.

காவடிப் பலகையில் என் முடிவு கொஞ்சம் வேறு. ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குத் தைப்பூசத்தில் எடுத்துப் போகும் காவடிகளில், 6 மி.மீ. பிளைவுட்டில் மயிலும் வேலும் வெட்டி ஜோடிப்பது வழக்கம். ஒரே ஒரு காவடி என்றால் ஜிக்சாவும் உப்புக்காகிதமும் போதும், ரவுட்டர் வேண்டாம். வெளிவடிவத்தை வெட்ட ப்ளஞ்சும் தேவையில்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் எட்டு மயில், ஒவ்வொன்றிலும் தோகைக்குள் கண் வடிவத் துளைகள் என்றால், அப்போது ப்ளஞ்ச் பேஸும் கைடு புஷ்ஷும் (பேஸின் அடியில் பிட்டைச் சுற்றி நின்று அச்சின் ஓரத்தை உரசிப் போகும் வளையம்) சேர்ந்து நிறைய உழைப்பை மிச்சப்படுத்தும். ஒரு அச்சுப் பலகையை மட்டும் பொறுமையாக, சுத்தமாக வெட்டிவிட்டால் போதும். புஷ்ஷின் வெளிவிட்டத்திலிருந்து பிட்டின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால், அச்சுக்கும் வெட்டுக்கும் உள்ள இடைவெளி வரும். 10 மி.மீ. புஷ், 6 மி.மீ. பிட் என்றால் 2 மி.மீ. உள்துளைகளுக்கு அச்சைச் சுற்றிலும் அந்த 2 மி.மீ. பெரிதாக வெட்ட வேண்டும். கோயில் திடலில், மின்சாரம் இல்லாத இடத்தில் கடைசி நேரத் திருத்தம் செய்கிறவர்களுக்கு மகிட்டாவின் 18 வோல்ட் பேட்டரி டிரிம்மர் டிஆர்டி50 இருக்கிறது. அதற்கும் ப்ளஞ்ச் பேஸ் போடலாம்.

கீல் பதிக்கும் பள்ளத்துக்குப் பேஸ் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அது ஓரத்திலிருந்து ஆரம்பிக்கும் வேலை, 2, 3 மி.மீ. ஆழம். சாதாரண பேஸே மேல், அதில் ஆழத்தை நுணுக்கமாகத் திருத்துவதும் சுலபம்.

பேஸ் வாங்கலாம் என்று முடிவு செய்தவர்கள் கவனிக்க வேண்டியவை சில.

மோட்டாரின் விட்டம் முதல் விஷயம். மகிட்டா ஆர்டி0700சி வகை மோட்டார் 65 மி.மீ. அதைப் பார்த்துச் செய்த மலிவு டிரிம்மர்களும் பெரும்பாலும் 65தான். டிவால்ட்டின் சின்ன மோட்டார் 69 மி.மீ. இணையக் கடைகளில் பேஸ் மட்டும் தனியாக விற்கும்போது 'எல்லா டிரிம்மருக்கும்' என்று எழுதியிருப்பார்கள். நம்பாமல் வெர்னியரால் உங்கள் மோட்டாரை அளந்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். 65 பேஸில் 69 நுழையாது. 69 பேஸில் 65ஐ அட்டை சுற்றி இறுக்குவது ஆபத்து, ஓடும்போது மோட்டார் நழுவும்.

இரண்டாவது, வோல்ட். அமெரிக்கச் சந்தைக்கான தொகுப்புகள் இணையத்தில் கவர்ச்சியான விலையில் வரும். மகிட்டா ஆர்டி0701சி, டிவால்ட் டிடபிள்யூபி611 எல்லாம் 120 வோல்ட் மெஷின்கள். நம் வீட்டு 240 வோல்ட்டில் நேராகச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். டிரான்ஸ்பார்மர் வாங்கி வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. நம் மூன்று முள் பிளக்கோடு வருவதை வாங்குங்கள்.

மூன்றாவதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். 6 மி.மீ. காலெட்டும் கால் அங்குலக் காலெட்டும் ஒன்றல்ல. கால் அங்குலம் 6.35 மி.மீ. கால் அங்குலக் காலெட்டில் 6 மி.மீ. பிட் நுழையும், நட்டை முறுக்கினால் இறுகிய மாதிரியும் தெரியும். நிமிடத்துக்கு 30,000 சுற்றில் அது பிடித்துக்கொண்டிருக்காது. அதிலும் சுருள் பிட், தூளை மேலே இழுக்கும் வகை, தன்னைத்தானே காலெட்டிலிருந்து வெளியே இழுத்துக்கொள்ளும் குணம் உடையது. துளை ஆழமாகிக்கொண்டே போகும், நமக்குத் தெரியாது. நம் கடைகளில் இரண்டு அளவும் ஒரே தட்டில் கிடக்கும். பிட் வாங்கும்போதே தண்டை அளந்து வாங்குங்கள். மாட்டும்போது தண்டை அடிவரை விட்டு, 2 மி.மீ. பின்னுக்கு எடுத்து இறுக்குங்கள்.

நிறுவனத்தின் பேஸா, மலிவு நகலா? வித்தியாசம் பேஸின் உலோகத் தண்டுகளில்தான். பேஸை மேசைமேல் வைத்து, மோட்டாரைப் பாதி இறக்கிப் பூட்டி, மேலே பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் துளையிலும் தெரியும். அப்புறம் பூட்டைத் திறந்து, ஒரு கைப்பிடியை மட்டும் அழுத்துங்கள். சின்ன பேஸ்கள் எல்லாமே இதில் கொஞ்சம் சிக்கும், அதனால் இரண்டு கையும் சமமாக அழுத்துவது பழக்கமாக வேண்டும். ஆனால் இரண்டு கையாலும் சமமாக அழுத்தும்போதே சிக்குகிற பேஸ் வேண்டாம். கைடு புஷ் பயன்படுத்தப் போகிறவர்கள், பிட் புஷ்ஷின் சரியான நடுவில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நகல் பேஸ்களில் இது அரை மில்லி விலகியிருப்பது உண்டு. எழுத்து வேலைக்கு அது ஒன்றும் செய்யாது. அச்சுப் பலகை வைத்துப் பதிவேலை (ஒரு மரத்தில் இன்னொரு துண்டைப் பதிப்பது) செய்யும்போது, பேஸைத் திருப்பிப் பிடித்தால் வெட்டும் இடம் மாறிவிடும். பதிவேலை செய்கிறவர் நிறுவனத்தின் பேஸையே வாங்கட்டும். மற்றவர்கள் ஆட்டமில்லாத நகலோடு நிம்மதியாக வேலை செய்யலாம்.

நம் ஈரக் காற்றில் அந்தத் தண்டுகள் துரு ஏறும். இது குளிர்நாட்டு வீடியோக்களில் யாரும் சொல்லாத விஷயம். துரு வந்தால் பேஸ் இறங்கும்போது கரகரக்கும், பாதியில் நிற்கும். எண்ணெய் போடாதீர்கள், ரப்பர் மரத்தின் மெல்லிய தூள் அதில் ஒட்டிப் பசையாகிவிடும். வேலை முடிந்ததும் தூளை ஊதித் துடைத்து, மரத்துக்குப் பூசும் கெட்டி மெழுகைத் துணியில் எடுத்து லேசாகத் தேய்த்து வைத்தால் போதும்.

தூளைப் பற்றி இன்னும் ஒன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ரப்பர் மரத்தில் பதப்படுத்திய மருந்தும் சேர்ந்திருக்கும். ப்ளஞ்ச் வேலையில் தூள் துளைக்குள்ளேயே அடைந்து, அப்புறம் மொத்தமாகப் பறக்கும். நல்ல முகக்கவசம் போடாமல் மெஷினைத் தொட வேண்டாம். போர்ச்சில் பிள்ளைகள் விளையாடும் வீடு என்றால் வேலை முடிந்ததும் பெருக்குவதைவிடத் தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள்.

பேஸ் கைக்கு வந்த பிறகு உடனே சாமி மேடைப் பலகையில் இறங்காதீர்கள். நடு நுனியிலும் வெட்டும் பிட்டா என்று முதலில் பாருங்கள். சில நேர் பிட்டுகளில் பக்கவாட்டில் மட்டும்தான் வெட்டு இருக்கும், நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். அதை நேராக அழுத்தினால் மரத்தைத் தேய்த்துப் புகையவிடும். 6 மி.மீ. சுருள் பிட் ஒன்று, தூளை மேலே இழுக்கும் வகை, பேஸோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். பணம் குறைவாக இருந்தால் கைடு புஷ் தொகுப்பைத் தள்ளிப்போடலாம், இந்த பிட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆழம் வைக்க அளவுகோல் வேண்டாம். பிட்டின் நுனி பலகையைத் தொடும் வரை இறக்கிப் பூட்டி, தடுப்புக் கம்பிக்கும் வட்டுக்கும் நடுவில் ஒரு 6 மி.மீ. டிரில் பிட்டின் தண்டைப் படுக்கவைத்து, கம்பி அதைத் தொடும்படி இறுக்குங்கள். டிரில் பிட்டை எடுத்துவிட்டால் சரியாக 6 மி.மீ. இறங்கும். ரப்பர் மரத்தில் ஒரு தடவைக்கு 3 மி.மீ., அதாவது பிட்டின் விட்டத்தில் பாதி.

பக்கவாட்டுக் கைடு வைத்துக் காடி எடுக்கும்போது, தள்ளும் திசையைப் பார்த்து நின்றால் மெஷின் இடப்பக்கம் விலகப் பார்க்கும். பிட் மேலிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுற்றுவதால் வருவது அது. அதனால் கைடு உங்கள் வலப்பக்கம் இருக்கட்டும். மெஷின் விலகும்போது கைடைப் பலகை ஓரத்தோடு தானே இழுத்து ஒட்டிக்கொள்ளும். மாற்றி வைத்தால் காடி வளைந்து போகும், எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும்.

டிரிம்மரின் சுவிட்ச் மோட்டாரின் மேலே இருக்கும், கைப்பிடியில் இல்லை. பெரிய ரவுட்டர்களில் விரலை எடுத்தால் நிற்கிற மாதிரி இதில் நிற்காது. ஆகவே வரிசை முக்கியம். பிட் மேலே இருக்கும்போது சுவிட்சைப் போடுங்கள், இறக்குங்கள், வெட்டுங்கள், லீவரைத் திறந்து பிட் முழுதும் மேலே வரட்டும், அப்புறம்தான் ஒரு கையை எடுத்து சுவிட்சை நிறுத்த வேண்டும். ஒரு மீதித் துண்டில் 6 மி.மீ. அகலம், 20 மி.மீ. ஆழம், 40 மி.மீ. நீளம் என்று ஒரு துளை எடுத்து, அதை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். சுவர் நேராகவும் அடி தட்டையாகவும் இருந்தால் ஸ்டூல் காலில் தாராளமாக ஆரம்பிக்கலாம். சுவரில் படிப்படியாக வரி தெரிந்தால் பேஸின் தண்டில் ஆட்டம் இருக்கிறது. மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் பேஸைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.